இரண்டு சுற்று மரை

கோயம்புத்தூரின் வடபகுதியான கணபதியில், பிரதான சாலையை விட்டு எந்தச் சந்தில் திரும்பினாலும், குடியிருக்கும் வீடுகளுக்கு நடுவே லேத்தின் ஓசை கேட்காமல் வெகுதூரம் நடக்க இயலாது. நீர் இறைக்கும் பம்புக்கும், நூற்பாலைக்கும், மோட்டாருக்கும் வேண்டிய உதிரிப் பாகங்களைக் கடைந்து கொடுத்தே வளர்ந்த நகரம் இது. 1937ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடுவின் முயற்சியால் உள்நாட்டு மின்சார மோட்டார் உருவெடுத்ததும் இங்கேதான். பெருந்தொழிற்சாலைகளின் பெருமையைப் பலரும் விஸ்தாரமாக எழுதிவிட்டார்கள். எனக்கோ, ஒரு லேத்தும் ஒரு துளையிடும் யந்திரமும் ஒரு கிரைண்டருமே சொத்தாக, வந்தவர் கேட்ட வேலையைச் செய்து கொடுக்கும் சிறிய ஜாப் ஒர்க் பட்டறைகளின்மீதுதான் நெடுநாளாக அபிமானம். அத்தகைய பட்டறை ஒன்றில், காற்றுத் துப்பாக்கிக்குக் காற்று நிரப்பும் அடாப்டர் ஒன்று முழு ராடிலிருந்து உருவாவதை ஆதியோடந்தமாகப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது.

அடாப்டர் என்பது கட்டைவிரல் நீளமே உள்ள ஒரு உலோகத் துண்டு. ஆனால் அதன் ஸ்தானம் இன்னதென்று தெரிந்துகொண்டாலொழிய அதைக் கடைபவருடைய சிரத்தையின் அருமை விளங்காது. பத்து மீட்டர் தூரத்தில் வைத்த இலக்கின் நடுவில், அரை மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு புள்ளியை 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டினால் தொட வேண்டும் என்பது ஒலிம்பிக் காற்றுத் துப்பாக்கிப் பந்தயத்தின் நிபந்தனை. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தப் பந்தயத்தில்தான் இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கத்தைப் பெற்றுத் தந்தார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் இதில்தான். இந்தத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. குழலின் கீழே கிடக்கும் சிறு உருளையில் 200 பார் அழுத்தத்தில், அதாவது கார்ச் சக்கரத்தில் உள்ளதைப்போல் ஏறக்குறைய 90 மடங்கு அழுத்தத்தில், காற்று அடைபட்டிருக்கிறது. விசையை இழுக்குந்தோறும் அதில் ஓர் அற்பமான அளவு வெளிப்பட்டுக் குண்டைச் செலுத்துகிறது. அந்த உருளை காலியானால், அதைக் கழற்றி, பெரிய சேமிப்பு உருளை ஒன்றின் வாயில் பொருத்தி நிரப்ப வேண்டும். பெரிய உருளையின் வாய் ஒரு மரை, சிறிய உருளையின் வாய் வேறொரு மரை. இரண்டுக்கும் நடுவில் நின்று அந்த அழுத்தம் முழுவதையும் தாங்குவதே அடாப்டரின் வேலை.

காற்றை அடைத்து வைத்துச் சுடும் யோசனை புதிதன்று. ஜிரண்டோனி என்பவர் அமைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780 வாக்கில் ஏற்றுக்கொண்டது. தோளில் பதிக்கும் பின்கட்டையே அதற்குக் காற்றுக் கலம். அதை நிரப்பக் கைப்பம்பை ஏறத்தாழ 1500 முறை அடிக்க வேண்டியிருந்ததாம். காற்று கசியாமல் காத்தது தோல் வளையம். தோல் உலர்ந்துவிட்டால் துப்பாக்கி பயனற்றதாகிவிடும் என்பதால் அதை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். காற்றை அடைப்பதைவிட அடைத்ததைக் காப்பதே பெரும்பாடு என்பதை அந்தக் காலத்துக் கைவினைஞர்களே கண்டிருந்தார்கள்.

பட்டறைக்காரர் அறுபதைக் கடந்தவர். சிறுவயதில் ஒரு பம்புக் கம்பெனியில் டர்னராகச் சேர்ந்து, பிறகு சொந்தமாக லேத் வாங்கிப் போட்டுக்கொண்டவர். அவருடைய சகோதரி மகன், பாலிடெக்னிக்கில் படித்தவன், வரைபடம் பார்ப்பதும் கணக்கெழுதுவதும் அவன் பொறுப்பு. வேலை கொண்டு வந்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவருடைய மகள் பந்தயங்களில் கலந்துகொள்பவள். காற்று நிரப்ப ஒவ்வொரு முறையும் நகரத்துப் பயிற்சிக்கூடம் வரை போய்வர வேண்டியிருப்பதால், தீயணைப்பு வீரர்கள் முதுகில் சுமக்கும் சுவாசக் கருவியின் உருளை ஒன்றை, பரிசோதனைக் காலக்கெடு தீராததாகப் பார்த்து வாங்கியிருந்தார். வெளிநாட்டு அடாப்டர் ஒன்றை நண்பரிடம் இரவலாகப் பெற்று மாதிரிக்குக் கொண்டு வந்திருந்தார்.

பெரியவர் முதலில் கேட்டது துப்பாக்கியைப் பற்றி. வேகத்தைக் கூட்டிப் பறவை சுட வேண்டும் என்று வருகிறவர்களுக்கு அவர் பட்டறையில் வேலை நடப்பதில்லை. பந்தயத் துப்பாக்கி என்று உறுதிப்பட்ட பிறகு அவர் பார்த்தது அதன் சிறு உருளையில் பொறித்திருந்த தேதியை. அத்தகைய உருளைகளுக்குத் தயாரித்தவர் விதிக்கும் ஆயுள் பத்தாண்டு. அதைக் கடந்த உருளையைப் போட்டிக்குக் கொண்டு போகலாகாது. "இன்னும் நாலு வருஷம் இருக்குதுங்க வாத்தியாரே, பரவாயில்லை" என்றார். உருளைகளில் அவர் கை வைப்பதில்லை. அவற்றைச் சோதிப்பது அதற்கென்று அங்கீகாரம் பெற்ற நிலையங்களின் காரியம் என்பதில் அவருக்குத் தயக்கமே இல்லை.

பிறகு மாதிரியை எடுத்துப் பெரிய உருளையின் வாயில் கையால் திருகினார். அது இலகுவாக ஏறி நின்றது. ஆனால் உள்ளே போய் உட்காரவில்லை. வெளியே எடுத்தார், மரைகளை நகத்தால் எண்ணினார், சுவாச உருளையின் வாய்க்குள் டார்ச் அடித்து ஆழத்தைப் பார்த்தார். "அஞ்சு நூல் பைப் மரை, இஞ்சுக்குப் பதினாலு, அளவெல்லாம் ஒண்ணுதான். ஆனா இதுல அஞ்சு சுத்துதான் இருக்குது, வாய் ஏழு சுத்து ஆழம். ஏன் ரெண்டு சுத்தைக் குறைச்சு வெச்சிருக்கறான்?"

"அது கட்டையாகப் போய்விட்டது, அண்ணா. நீங்கள் நீளமாகப் போட்டுக் கொடுத்தால் போதும்" என்றார் ஆசிரியர்.

"ஒருத்தன் யோசிச்சுத்தானுங்களே குறைச்சிருப்பான்?" என்று சொல்லிவிட்டு மருமகனைப் பார்த்தார் பெரியவர்.

அந்தக் கேள்வியில்தான் அன்றைய வேலையின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருந்தது. மருமகன் விளக்கினான்: நீரில் மூழ்குவோரும் தீயணைப்போரும் பயன்படுத்தும் இந்த ஜெர்மானிய முறை இணைப்பில், 200 பார் உருளைக்கும் 300 பார் உருளைக்கும் மரையின் விட்டமும் ஒன்று, இடைவெளியும் ஒன்று, ஆழம் மட்டுமே வேறு. 300 பார் தாங்கும் இணைப்பை எந்த உருளையிலும் மாட்டலாம். 200 பார் மட்டுமே தாங்கும் இணைப்பை 300 பார் உருளையில் மாட்டினாலோ, அது குட்டையாக இருப்பதால் அடியில் போய் அமராது. அமராவிட்டால் அடைப்பு உண்டாகாது. வால்வைச் சிறிது திறந்த மாத்திரத்தில் காற்று சீறி வெளியேறிவிடும். பலவீனமான பாகத்தின்மீது அதிக அழுத்தம் ஒருபோதும் ஏறிவிடலாகாது என்று கருதிய எவரோ, எச்சரிக்கைப் பலகையை நம்பாமல், படிக்கத் தெரியாதவனுக்கும் அவசரக்காரனுக்கும் சேர்த்து, அந்த எச்சரிக்கையை இரண்டு சுற்று மரையிலேயே அமைத்து வைத்திருக்கிறார். ஆசிரியர் கேட்டது, அறியாமலேயே, அந்தக் காவலை எடுத்துவிடச் சொன்னதாகும். வாய்க்குப் பொருந்துகிற மாதிரி மரையை நீட்டிவிட்டால், சுவாச உருளையின் 300 பார் காற்று துப்பாக்கியின் 200 பார் உருளைக்குள் தடையின்றிப் பாயும்.

அளவெடுக்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் ஏராளம். கொண்டு வந்த மாதிரியை மயிரிழை பிசகாமல் பிரதி செய்து தருபவர்களும் உண்டு. ஒரு வஸ்து ஏன் இந்த அளவில் இருக்கிறது, முன்னே செய்தவன் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்டுவிட்டுப் பிறகு டூலைக் கையில் எடுப்பவர்கள் அபூர்வம். அந்த ஜெர்மானிய இணைப்பை வகுத்த தரநூலைப் பெரியவர் கண்ணால் கண்டவரல்லர். ஆயினும் அதை இயற்றியவர்களின் உள்ளத்தை அவர் நகத்தால் தடவியே அறிந்துகொண்டார் என்று நான் மனப்பூர்வமாகச் சொல்வேன்.

நெடுநேர யோசனைக்குப் பின் அவர் ஒரு வழி சொன்னார். அடாப்டரை ஏழு சுற்று மரையோடு, 300 பாரையும் தாங்கும் கனத்தில் செய்து தருவதாகவும், ஆனால் அதன் பக்கவாட்டில் மூன்று துளைகள் இட்டு, ஒன்றில் அழுத்தமானியும், ஒன்றில் நிரப்பி முடித்தபின் இடையில் சிக்கிய காற்றை வெளியேற்றும் திருகும், மூன்றாவதில் 200 பாரைச் சற்றே தாண்டியதும் தானாகத் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வும் இருந்தே ஆக வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தார். "அந்த வால்வை மட்டும் நான் செய்ய மாட்டேனுங்க. டெஸ்ட் சர்டிபிகேட்டோட கடையில விக்கிறாங்க. அதை வாங்கிட்டு வாங்க."

வேலை தொடங்கியது. மூலையில் கிடந்த வழவழப்பான எஃகு ராடு ஒன்றை ஆசிரியர் சுட்டிக் காட்டியபோது பெரியவர் தலையசைத்து மறுத்துவிட்டார். அது எந்த ரகம் என்று எழுத்தில்லை. முனையில் 316 என்று முத்திரை உள்ள துருவேறா எஃகு ராடிலிருந்து ஒரு துண்டை அறுத்துச் சக்கில் பூட்டினார். இந்த எஃகுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: டூல் அதை வெட்டாமல் உரசிக்கொண்டு நின்றால், உரசிய இடம் இறுகிக் கடினமாகி, அடுத்த வெட்டுக்கு இடங்கொடாது. ஆகவே கை தயங்காமல், ஒரே சீரான வேகத்தில் டூல் முன்னேற வேண்டும். மரை வெட்டும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐம்பத்தைந்து பாகைக் கோணத்தில் தீட்டிய டூல் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போய்வர, பள்ளம் சிறிது சிறிதாக ஆழப்பட்டது. இந்தக் கோணம் 1841ஆம் ஆண்டில் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் வகுத்தது. இங்கிலாந்தின் யந்திரசாலைகளுக்காக அவர் வகுத்த முறை, குழாய் மரையின் வழியாகக் கோயம்புத்தூர்ப் பம்புகளுக்கு வந்து, இன்று எழுதப் படிக்க அதிகம் தெரியாத டர்னருக்கும் மனப்பாடமாக இருக்கிறது. மரை முடியும் இடத்தில் கூரிய மூலை விடாமல் சிறு வளைவு கொடுத்தார். வெடிப்பு எப்போதும் கூரான மூலையில்தான் பிறக்கும் என்பது அவருடைய அனுபவம்; பொறியியல் நூல்களும் அதையேதான் சொல்கின்றன.

குழாய் வேலைக்காரர்கள் மரையில் வெள்ளை டெஃப்லான் நாடா சுற்றுவது வழக்கம். இங்கே அதற்கு வேலையில்லை. இந்த இணைப்பில் மரை பிடித்துக்கொள்ள மட்டுமே. கசிவைத் தடுப்பது முனையில் வெட்டிய பள்ளத்தில் அமரும் ஓ ரிங். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன், எழுபது வயதைக் கடந்தபின் 1937இல் விண்ணப்பித்துக் காப்புரிமை பெற்ற இந்த ரப்பர் வளையம், ஜிரண்டோனியின் ஈரத்தோலை நினைப்பவருக்கு ஒரு அற்புதமாகவே தோன்றும். அழுத்தம் ஏற ஏற அது பள்ளத்தின் சுவரோடு மேலும் நெருங்கி ஒட்டிக்கொண்டு, தன்னைத் தாக்கும் பலத்தையே தன் பலமாக்கிக்கொள்கிறது. ஆனால் அதற்குப் பள்ளம் சரியாக வாய்க்க வேண்டும். 2.62 மில்லிமீட்டர் கனமுள்ள வளையத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் ஆழம். ஆழம் கூடினால் வளையம் நசுங்காது, குறைந்தால் வெட்டுப்பட்டுவிடும். பள்ளத்தின் தரையில் டூலின் கீறல் ஒன்று குறுக்கே ஓடினாலும் காற்றுக்கு அது வழி. பெரியவர் அந்தப் பள்ளத்தை மெருகேற்றுவதில் செலவழித்த நேரம், மற்ற வேலைகள் எல்லாவற்றிற்கும் ஆன நேரத்தைவிடக் குறைவாக இருந்திராது. வளையத்துக்குச் சிலிக்கான் பசை மட்டுமே பூசினார். பட்டறையில் எங்கும் கிடைக்கும் எண்ணெயை இங்கே ஒரு சொட்டும் அண்டவிடவில்லை. உயரழுத்தக் காற்று திடீரென்று பாயும்போது உண்டாகும் வெப்பத்தில் எண்ணெய் தீப்பற்றக்கூடும்.

வளையம் காக்கும் வட்டம் 16 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டாலும், 200 பாரில் அந்தச் சிறு வட்டத்தின்மீது 400 கிலோ பாரம் அழுத்துகிறது. 300 பாரில் 600 கிலோ. மருமகன் சிலேட்டுப் பலகையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது ஆசிரியர் சற்றுநேரம் மௌனமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சோதனை நீரினால் நடந்தது. பம்பு உறைகளைச் சோதிக்கும் கைப்பம்பு ஒன்று அடுத்த தெருவில் இருந்தது. அடாப்டரின் மற்ற வாய்களை அடைத்து, உள்ளே காற்றுக் குமிழி ஒன்றும் தங்காமல் நீர் நிரப்பி, 450 பார் வரை ஏற்றினார்கள். நீர் சுருங்குவது மிகச் சொற்பமாதலால் அதில் சேமிப்பாகும் ஆற்றலும் சொற்பம். பாகம் பிளந்தால் சில துளி சிந்துவதோடு சரி. அதே அழுத்தத்தில் காற்றை வைத்துச் சோதித்தால், பிளக்கும் துண்டு குண்டாகப் பாயும். இதை அறியாமல் நேராகக் காற்றை ஏற்றிப் பார்த்துவிடும் உற்சாகிகளை நினைத்து எனக்கு உண்மையிலேயே அச்சம் உண்டாகிறது. வீட்டில் செய்வதில் குற்றமில்லை, இந்த ஒரு படியைத் தாண்டிப் போவதில்தான் உயிர் அபாயம் இருக்கிறது. அழுத்தமானியின் முள் அரைமணி நேரம் அசையாமல் நின்றது. பெரியவர் காகிதத்தால் இணைப்பைச் சுற்றிலும் ஒற்றிப் பார்த்தார், ஈரம் இல்லை.

திரும்பி வந்ததும் எண் பதிக்கும் உளிகளை எடுத்தார். 450 வரை தாங்கியதாயிற்றே, 300 என்று பதித்துவிடலாமே என்றார் ஆசிரியர்.

"தாங்கறது இதுங்க. ஆனா நம்பரைப் பாத்துக் காத்துப் பிடிக்கறது உங்க பொண்ணு. அது துப்பாக்கி தாங்கற நம்பரா இருக்கட்டும்" என்று சொல்லி, 200 என்று அழுத்தமாகப் பதித்தார். மாற்று ஓ ரிங்குகள் சிலவற்றைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்; நிரப்பும்போது வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும், அவசரமாக நிரப்பினால் உருளை சூடாகி, ஆறியபின் அழுத்தம் குறைந்து காட்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஆனால் பணத்தை அவர் வாங்கவில்லை, அடாப்டரையும் கொடுக்கவில்லை. அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, "வால்வோட வாங்க வாத்தியாரே, ரெண்டையும் மாட்டி இங்கயே ஒருதரம் பாத்துட்டுத் தர்றேன்" என்றார். ஆசிரியர் வால்வின் அளவை மருமகனிடம் எழுதி வாங்கிக்கொண்டு, கடை சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று பேருந்து நிறுத்தத்தை நோக்கி விரைந்தார்.