பெண் கடல் வரை

பழனிசெட்டிபட்டி தடுப்பணையில் முல்லைப் பெரியாற்றுக்கு இரண்டு குணம். சுவருக்கு மேல்பக்கம் கண்மாய் போல நிறைந்து நிற்கும். சுவரைத் தாண்டி விழுந்ததும் நுரைத்துச் சுழித்து ஓடும். சின்ன வயதில் எங்களைக் குளிக்கக் கூட்டிப்போகும் அப்பத்தா, கல்லில் துணியை அடித்தபடியே குரல் கொடுக்கும்: "இங்கிட்டே குளிங்கடா. அங்கிட்டு இழுவை." இங்கிட்டுக்கும் அங்கிட்டுக்கும் நடுவே அந்த ஒரு சுவர்தான். ஆற்றின் பாரத்தை அது தாங்கிக்கொண்டதால்தான் நாங்கள் நீந்தக் கற்றோம்.

என் மகளுக்கு எட்டு வயது. கன்னியாகுமரியில் ஓர் அலை அவளைப் புரட்டிப் போட்டதிலிருந்து கடல் என்றாலே பயம். போன வைகாசியில் ஒருநாள் செல்பேசியில் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். கிரேக்கத் தீவு ஒன்றின் சின்னக் கடற்கரை. இரண்டு பக்கமும் பாறை கைநீட்டி அணைத்திருக்க, நடுவே அசையாத நீலத் தண்ணீர். "அப்பா, இதுல அலையே இல்ல. நம்ம தடுப்பணை மாதிரியே இருக்கு. இங்க போலாமா?"

கிரேக்கத்துக்குக் கூட்டிப்போக எனக்கு வழியில்லை. ஆனால் அலையடிக்காத கடல் ஒன்று நம் ஆறு போய்ச் சேரும் திசையிலேயே இருக்கிறது. ஆனி பிறந்ததும் புறப்பட்டோம். ஆற்றோடு போவது என்றால் முதலிலிருந்து போக வேண்டும் என்று முதல் நாள் மேற்கே லோயர் கேம்ப்புக்குப் போனோம்.

அங்கேதான் மலையைக் குடைந்து வந்த தண்ணீர் தமிழ்நாட்டு மண்ணில் இறங்குகிறது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை அணைகட்டி நிறுத்தி, சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பினார் ஜான் பென்னிகுவிக். 1895இல் அணை திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரில்தான். பாலார்பட்டியில் ஆண்டுதோறும் தைமாதம் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். தன் ஊருக்குத் தண்ணீர் தந்தவரைக் குலசாமிக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிடும் சனம் நாங்கள்.

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஆறு இறங்கிவருகிறது. நாற்றங்கால் பச்சைக்கு அப்பால் பந்தல்களில் பன்னீர் திராட்சை கொத்துக்கொத்தாய்த் தொங்குகிறது. வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயில். சித்திரைத் திருவிழாவில் அக்கினிச்சட்டி எடுப்பவர்கள் முழுகி எழுவது இந்தத் தண்ணீரில்தான். வீரபாண்டியைத் தாண்டினால் எங்கள் தடுப்பணை. தேனிக்குக் கிழக்கே, வருசநாட்டு மலையிலிருந்து வரும் மூல வைகையோடு சேர்ந்து முல்லையாறு தன் பேரை விடுகிறது. அதன்பின் எல்லாம் வைகை.

மறுநாள் விடியற்காலை கிழக்கே வண்டியை விட்டோம். 1959இல் கட்டி முடித்த வைகை அணை, 71 அடித் தேக்கம். அதைத் தாண்டிப் பேரணை; அங்கிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் பிரிகிறது. சோழவந்தான் வெற்றிலைக்கொடிக்கால், தென்னந்தோப்பு. மதுரைக்குள் நுழையும்போது ஆறு மெலிந்துவிட்டது. சித்திரையில் அழகர் இறங்கும் அதே மணலில் ஆகாயத்தாமரையும் சாக்கடையும். என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது நம்ம தண்ணியாப்பா?" என்றாள். நம்முடையதுதான் என்று சொல்ல நெஞ்சு கனத்தது. மேலே இருப்பவன் குடித்துவிட்டு விடுவதையே கீழே இருப்பவனும் குடிக்கிறான். இந்த ஒன்றை மறந்தால் ஆறு இருந்தும் இல்லாத கணக்கு.

மதுரையைத் தாண்டிக் கீழடி. 2015இல் அகழாய்வு தொடங்கிய தென்னந்தோப்பு மண்ணுக்கடியில் செங்கல் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் கிடைத்தன. வைகைக்கரையில் எழுத்தறிந்த மக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடியிருந்ததற்கு, பேர் கீறிய பானை ஓடுகள் சாட்சி. பிறகு, கடம் செய்யும் மண்ணுக்குப் பேர்போன மானாமதுரை. பார்த்திபனூர் மதகணை, பரமக்குடி. தண்ணீர் இருக்கும் காலத்தில் மதகணையிலிருந்து கால்வாய் கால்வாயாகப் பிரிந்து கண்மாய்களுக்குப் போய்விடும். மிச்சம் இருந்தால் ராமநாதபுரம் பெரிய கண்மாய் வாங்கிக்கொள்ளும். கடலில் கலக்காத ஆறு என்று வைகையைப் பழைய புலவர்களே பாடியிருக்கிறார்கள். நாங்கள் போன அன்று ஆற்றில் மணலும் கருவேலமும்தான்.

பெரிய கண்மாய் நிறைந்து வழிந்தால் அந்த உபரித் தண்ணீர் கடலுக்குப் போகும் இடம், பேரிலேயே ஆற்றை வைத்திருக்கும் ஆற்றங்கரை என்கிற ஊர். அதற்குப் பக்கத்தில் அழகன்குளம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களிலிருந்து பலமுறை தோண்டிய மேடு அது. தமிழி எழுத்து கீறிய பானை ஓடுகள், ரோமானியக் காசுகள், மத்தியதரைக் கடலிலிருந்து மது வந்த சாடிகளின் உடைசல்கள். ஒரு பானை ஓட்டில் பாய்மரக் கப்பலின் படமே கீறியிருக்கிறது. அந்தக் காலத்தில் தமிழ்க் கரைக்கு வந்த சாடிகளில் கிரேக்கத் தீவான கோஸ் வகையைச் சேர்ந்தவையும் உண்டு. அரிக்கமேட்டில் அவை அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. என் மகளிடம் சொன்னேன்: நீ போக ஆசைப்பட்ட தீவுகளின் பக்கத்திலிருந்து திராட்சை மது ஏறி வந்த கப்பல்கள் நம் ஆற்றின் வாசலில் நின்றிருக்கின்றன. ஆற்றின் தலைமாட்டில் இன்று திராட்சை. கால்மாட்டில் அன்று அதன் சாறு. அவள் சிரித்தாள்.

கொஞ்சம் கிழக்கே அரியமான். சவுக்குத் தோப்புக்குள் நடந்து வெளியே வந்தால் கடல் சத்தமே இல்லாமல் இருக்கிறது. கரையைத் தொடும் தண்ணீர் உள்ளங்கை உயரம் கூட எழவில்லை. மணலில் ஈரக்கோடு ஒன்று போட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. அடியில் கடற்பாசியும் சிப்பியும் தெரிகின்றன. இவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு கணுக்கால், முழங்கால் என்று இறங்கினாள். ஐம்பது அடி உள்ளே போயும் தண்ணீர் அவள் இடுப்பைத் தாண்டவில்லை. அங்கே விரலை விட்டாள்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "இது பெண் கடல் தம்பி. பாம்பனுக்குத் தெக்கே ஆண் கடல். இப்பக் கச்சான் காத்து. அடியெல்லாம் அந்தப் பக்கந்தான்" என்றார்.

தென்மேற்கிலிருந்து வரும் காற்றையும் அதோடு வரும் அலையையும் மன்னார் வளைகுடா பக்கமுள்ள கரையும், பாம்பன் தீவும், தனுஷ்கோடிக்கு அப்பால் கிடக்கும் மணல் திட்டுகளும் முதுகில் வாங்கிக்கொள்கின்றன. அந்த மறைவில் பாக் விரிகுடா படுத்திருக்கிறது. ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள். இந்த அமைதியில்தான் கடற்புல் வேர்பிடிக்கிறது. அதை மேய்ந்து ஆவுளியா என்று மீனவர்கள் அழைக்கும் கடற்பசு வாழ்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை 2022இல் தமிழ்நாடு அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. கிரேக்கத்திலும் இதே கதைதான். கோடையில் ஏஜியன் கடலில் மெல்டெமி என்கிற வடகாற்று வீசும். அப்போது தீவுக்காரர்கள் தெற்கு பார்த்த கரையைத் தேடிப் போவார்கள். அவள் காட்டிய படத்திலும் நீலத்தை நீலமாக வைத்திருந்தது அந்தப் பாறைகள்தான். அடங்கிக் கிடக்கும் எந்தத் தண்ணீருக்கும் பின்னால் அடி வாங்குகிற ஒன்று நிற்கிறது. எங்கள் ஊரில் அது சுவர். இங்கே ஒரு தீவு.

"வாடையில?" என்று கேட்டேன். பெரியவர் வடக்கே கை காட்டினார். "அப்ப இவ பொம்பளையில்ல, காளி." 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஒரே இரவில் போனது. அதைப் பற்றி இந்தக் கரையில் யாரும் குரலை உயர்த்திப் பேசுவதில்லை.

கிளம்பும்போது, நாங்கள் தேனியிலிருந்து ஆற்றோடு வந்த கதையைச் சொன்னேன். பெரியவருக்குச் சந்தோஷம். "அப்ப ஐப்பசி கார்த்திகைல வாங்க தம்பி. பெரிய கண்மாய் நெறஞ்சு மறுகால் போனா, முகத்துவாரத்துல செந்தண்ணி வரும். மடவையும் எறாலும் ஏறும். நல்ல தண்ணிய ஒரு வாய் குடிச்சாத்தான் இந்தக் கடலுக்கும் வவுறு நெறையும்."

திரும்பும் வழியில் அது மனதிலேயே ஓடியது. ஆறு கடலுக்கு வரும் நாள் வாடைக்காலத்தில்தான் வரும். அன்று கடல் அடங்கியிருக்காது. கடல் அடங்கியிருக்கும் ஆனியில் ஆறு வராது. எங்கள் தடுப்பணைத் தண்ணீரும் இந்தப் பெண் கடலும் அமைதியாகச் சந்தித்துக்கொள்ள ஆண்டில் ஒரு நாள் கூட இல்லை. இடையிலுள்ள ஊர்கள் குடித்ததும் வயல்கள் விளைந்ததும் போக மிஞ்சுவது, மழை கொட்டி, காற்று பேயாய் வீசும் நாளில்தான் வந்து சேருகிறது.

பின்சீட்டில் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவள் தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அப்பா, கார்த்திகைலயும் வருவோமா?"

"அப்ப அலை அடிக்குமே பாப்பா."

"அடிக்கட்டும். நம்ம தண்ணி வர்றதைப் பாக்கணும்ல. நான் கரையில நின்னு பாக்குறேன்."