மாப்பிள்ளை சேர்த்த மைல்

எங்க செட்டிநாட்டுப் பக்கம் "புள்ளி"ன்னா கோலப்புள்ளி மட்டும் இல்லீங்க. நகரத்தார் கணக்குல கல்யாணம் ஆன ஒரு தம்பதி ஒரு புள்ளி. கோயில் காரியம்னா ஊர்ல எத்தனை புள்ளின்னு எண்ணி, புள்ளிக்கு இவ்வளவுன்னு வரி போட்டு வசூல் பண்ணுவாங்க. நான் நகரத்தார் இல்லை, காரைக்குடிக்குப் பக்கத்துல கண்மாய்ப் பாசனத்துல நெல்லு போடுற விவசாயி. ஆனாலும் இந்தப் புள்ளிக் கணக்கைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். அதனால, அமெரிக்காவுல இருக்குற எங்க மாப்பிள்ளை போன்ல "மாமா, எங்கிட்ட விமானப் புள்ளி நெறைய கெடக்கு, அதுல உங்க டிக்கெட்டைப் போட்டுடலாம்"னு சொன்னப்ப எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு.

போயிட்டு வந்ததுலேருந்து ஊர்ல நாலஞ்சு பேர் இதைப் பத்திக் கேட்டுட்டாங்க. இப்ப தெருவுக்கு மூணு வீட்டுல பிள்ளைங்க வெளிநாட்டுல இருக்கு. மகளுக்கோ மருமகளுக்கோ பேறுகாலம்னா அப்பனும் ஆத்தாளும் பிளேன் ஏற வேண்டியதா இருக்கு. அவங்களுக்கு உதவுமேன்னுதான் இந்தப் பதிவு.

மொதல்ல மைல்னா என்னன்னு சொல்லிடறேன். பறக்குறவங்க பேர்ல விமானக் கம்பெனி ஒரு கணக்கு வச்சிருக்கும். பறக்கப் பறக்க அதுல மைல் ஏறும். நிறைய சேர்ந்தா அதைக் குடுத்து டிக்கெட் வாங்கலாம். 1981ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பெரிய அளவுல ஆரம்பிச்சு வச்ச ஏற்பாடு இது. இப்ப ஏர் இந்தியாவுலேருந்து எல்லாரும் வச்சிருக்காங்க. எங்க மாப்பிள்ளை வச்சிருக்குறது சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட கிரிஸ்ஃப்ளையர் கணக்கு. கம்பெனி வேலையா வருஷத்துக்கு நாலஞ்சு தடவை பறக்குறார். டிக்கெட் காசு கம்பெனியோடது, ஆனா மைல் பறந்தவர் பேர்லதான் சேரும். கடன் அட்டையில மளிகை வாங்கினாலும் பெட்ரோல் போட்டாலும் வர்ற புள்ளியையும் இதுக்கு மாத்திக்கலாமாம். அந்தக் கணக்குலேருந்து தனக்கு மட்டும் இல்லாம, முன்கூட்டியே பேர் குடுத்து வச்ச அஞ்சு பேருக்கும் டிக்கெட் எடுக்கலாம். மாமனார் மாமியார் பேரும் அதுல உண்டு.

இதை ஓசின்னு நெனைக்காதீங்க. மாப்பிள்ளை பின்னாடி வரிசையில முழங்கால் இடிக்க உக்காந்து, தூங்காம பறந்து சேர்த்தது. டிக்கெட்டுக்கு மைல் குடுத்தாலும் விமான நிலைய வரி, மத்த கட்டணம் எல்லாம் காசாத்தான் கட்டணும்.

"இருக்கட்டும் மாப்ளே, சேர்த்து வைங்க, பின்னாடி உதவும்"னு நான் சொன்னேன். விவசாயி புத்தி அதுதானே. அதுக்கு அவர் சொன்ன பதில்தான் எனக்குக் கணக்கைப் புரிய வச்சுச்சு. மைல் மூணு வருஷத்துல காலாவதி ஆயிடும். அதுவும் போக, ஒரு டிக்கெட்டுக்கு இத்தனை மைல்ங்குற பட்டியலை கம்பெனிக்காரங்க அப்பப்ப ஏத்திக்கிட்டே இருப்பாங்க. நெல்லுன்னா குதிர்ல போட்டு வச்சு விலை ஏறினப்புறம் விக்கலாம். மைலு அப்படி இல்லை. வைக்க வைக்க அந்துப்பூச்சி விழுந்த நெல்லு மாதிரி உள்ளுக்குள்ள ஒண்ணும் இல்லாமப் போயிடும். விதைநெல்லை அந்தந்தப் பட்டத்துல விதைச்சுடற மாதிரி, இதையும் காலத்துல செலவழிச்சுடணும்.

சரி, செலவழிக்கிறதுன்னு முடிவாச்சு. யாருக்கு, எந்த வழிக்குங்குறதுலதான் எங்க வீட்டுல ஒரு வாரம் பேச்சு ஓடுச்சு.

எங்க வீட்டுக்காரம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் தேய்மானம். நாத்து நட்டு, களை பறிச்சு, முப்பது வருஷம் சேத்துல நின்ன காலு. காரைக்குடியிலேருந்து பல்லவன் ரயில்ல உக்காந்துக்கிட்டு சென்னை போறதே ஏழு மணி நேரம். எழும்பூர்ல இறங்குறப்ப காலு ரெண்டும் மரத்துப் போயி, என் தோளைப் பிடிச்சுத்தான் நடப்பாங்க. சிங்கப்பூர்லேருந்து சான் ஃபிரான்சிஸ்கோ ஒரே தாவுல பதினஞ்சு பதினாறு மணி நேரம். ரெண்டு பல்லவனுக்கு மேல. சாதா வகுப்புல ஒரு இருக்கைக்கும் முன் இருக்கைக்கும் இடைவெளி 32 அங்குலம். நம்ம வீட்டுத் திண்ணைத் தூணை ஒட்டிக் காலை மடக்கி உக்காந்தா எப்படியோ அப்படி.

டாக்டர்கிட்ட கேட்டப்ப இன்னொண்ணும் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2007ல வெளியிட்ட ஆய்வுல, நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்து போற பயணத்துல காலுல ரத்தம் உறையுற வாய்ப்பு ரெண்டு மடங்கு ஆகுதுன்னு இருக்காம். பயந்துடாதீங்க, அப்படி ஆகுறது சுமாரா 6,000 பேர்ல ஒருத்தருக்குத்தான். விமானம் மட்டும் இல்லை, பஸ், ரயில், காருக்கும் இது பொருந்தும். விலை குறைஞ்ச சீட்டுங்குறது காரணம் இல்லை, அசையாம இருக்குறதுதான் காரணம். ஆனா முட்டி வலிக்காரங்க, ஜன்னலோர சீட்டுல மாட்டிக்கிட்டா ரெண்டு பேரைத் தாண்டி எழுந்திருக்கச் சங்கடப்பட்டு அப்படியே உக்காந்துடுவாங்க. அங்கதான் ஆபத்து.

மாப்பிள்ளைகிட்ட இருந்த மைலுக்கு, காலை நீட்டிப் படுத்துட்டுப் போற பிசினஸ் வகுப்புல ஒருத்தருக்குப் போக வர எடுக்கலாம். இல்லேன்னா ரெண்டு பேருக்கும் ஒரு வழி மட்டும் எடுக்கலாம். மிச்சத்துக்குச் சாதா டிக்கெட். "நீ போக வர படுத்துட்டு வா, நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்"னேன். "ஏங்க, நான் முன்னாடி மகராணி மாதிரி படுத்துக்கிறது, நீங்க பின்னாடியா? அங்க ஏதாவது கேட்டா நான் என்ன பாஷையில பதில் சொல்றது?"ன்னு ஒரே போடாப் போட்டுட்டாங்க.

அப்ப ரெண்டு பேருக்கும் ஒரு வழி. எந்த வழி? நான் திரும்பி வர்ற வழின்னு சொன்னேன். காத்து எதிர்ல அடிக்கிறதால வர்றப்ப பதினேழு மணி நேரம் ஆகும். நாலு மாசம் பச்சைப்புள்ளையைத் தூக்கிச் சுமந்து களைச்சுப் போயும் இருப்போம். நியாயமான கணக்குதானே?

அவங்க ஒத்துக்கலை. "நாம என்ன ஊர் சுத்திப் பாக்கவா போறோம்? வேலைக்குல்ல போறோம். ஏர் கட்டப் போற மாட்டை வழியிலேயே நோகடிச்சா உழவு எப்படி நடக்கும்? போய் இறங்குன அன்னைக்கே நான் அடுப்படியில நிக்கணும். திரும்பி வர்றப்ப காலு வீங்கினா வீங்கட்டும், நம்ம வீட்டுத் திண்ணையில நாலு நாள் கெடந்துக்கலாம்"னாங்க. எனக்கு மறு பேச்சு இல்லை.

அவங்க "வேலைக்குப் போறோம்"னு சொன்னதும் எனக்கு எங்க ஐயா ஞாபகம் வந்துச்சு. எங்க அப்பாவைப் பெத்தவர். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்ல செட்டியார் கிட்டங்கி ஒண்ணுல சமையல் வேலைக்குப் போனவர். நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறினதை அப்பத்தா கதை கதையாச் சொல்லுவாங்க. 1926ல கட்டின கப்பல் அது. 1970கள் வரைக்கும் நம்ம சனங்களை மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஏத்திக்கிட்டுப் போயிருக்கு. மேல அறைகள்ல கொஞ்சம் பேர். மத்தபடி ஆயிரக்கணக்கான பேர் டெக்குல கோரைப்பாயை விரிச்சுக்கிட்டு, வாந்தியும் வெயிலுமா ஒரு வாரத்துக்கு மேல கெடந்து போவாங்க. டெக் டிக்கெட்டுல போனாத்தான் கையில நாலு காசு மிஞ்சும். ஐயா இறங்குன மறுநாளே அடுப்படியில நின்னாராம். நம்மகிட்ட உடம்புக்குக் கணக்கே கிடையாது. காசுக்குத்தான் கணக்கு. "எனக்கெதுக்கு அந்த சொகமெல்லாம்"னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்றது அந்தக் கப்பல்லேருந்து வர்ற பழக்கம்னு தோணுது.

டிக்கெட் போடுறதுல ஒரு சிக்கல் இருந்துச்சு. மைலுக்குக் குடுக்குற குறைஞ்ச விலை சீட்டு ஒரு விமானத்துல கொஞ்சம்தான். கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்னாடியே, 355 நாளைக்கு முந்தியே, திறந்துடுறாங்க. சிலசமயம் காத்திருப்புப் பட்டியல்ல போட்டு வைக்கணும். எனக்கோ அறுப்பு எப்பன்னே தெரியாது. வானம் பாத்த பூமி இது. புரட்டாசியில புழுதியில விதைச்சு, ஐப்பசி கார்த்திகை மழையில கண்மாய் பெருகினா தை மாசம் அறுப்பு. அந்த வருஷம் மழை தள்ளிப் பெஞ்சு கதிர் முத்தலை. அறுப்பு மெஷினும் ஊருக்கு ஊர் இழுபறி. மாப்பிள்ளை ஒரு கட்டணம் கட்டித் தேதியைப் பத்து நாள் தள்ளிப் போட்டார். மைல் டிக்கெட்டுல இந்த வசதி இருக்கு, ஆனா புதுத் தேதியில சீட்டு காலி இருக்கணும். ஒரு ராத்திரி முழுக்கத் தேடித்தான் பிடிச்சார். மாசியில நெல்லை மூட்டை போட்டு, மாட்டையும் வைக்கோல் போரையும் தம்பிகிட்ட ஒப்படைச்சுட்டுக் கெளம்பினோம்.

திருச்சியிலேருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம்தான். அதுக்கு மைலை வீணாக்கலை, சாதா டிக்கெட். தனித்தனி டிக்கெட்டுன்னா முதல் விமானம் தாமதமானாலும் ரெண்டாவது நமக்காகக் காத்திருக்காது. அதனால சிங்கப்பூர் விசா வாங்கிக்கிட்டு சித்தப்பா மகன் வீட்டுல ரெண்டு நாள் தங்கினோம். ஐயா இருந்த மார்க்கெட் ஸ்ட்ரீட்டைக் காட்டச் சொன்னேன். கிட்டங்கி ஒண்ணும் இல்லை, வானத்தை முட்டுற கட்டடம்தான். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்ல கும்பிட்டுட்டு வந்தோம். நகரத்தார் 1859ல கட்டின கோயில்.

அப்புறம் அந்தப் பெரிய விமானம். அந்த இருக்கை பஸ் சீட்டு மாதிரி பின்னால சாஞ்சு படுக்கை ஆகுறது இல்லை. நாம எழுந்து நிக்கணும். பணிப்பெண் முதுகுப் பலகையை முன்னால கவுத்துப் போட்டு, மெத்தையும் போர்வையும் விரிச்சுக் குடுக்குறாங்க. கொஞ்சம் குறுக்கு வாக்குல படுக்கணும். எங்க வீட்டுக்காரம்மா செத்த நேரம் விரிப்பைத் தடவிப் பாத்துட்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் போத்திக்கிட்டு எட்டு மணி நேரம் தூங்கினாங்க. எந்த வீட்டுலயும் அவங்க அப்படித் தூங்கி நான் பாத்ததில்லை.

போய் இறங்கி நாலாம் நாள் மகளுக்கு வலி எடுத்துடுச்சு. டாக்டர் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில. ராத்திரி முழுக்க எங்க வீட்டுக்காரம்மா மகளோட நின்னாங்க, உக்காரலை. பேத்தி பொறந்தா. வழியில காலு வீங்கிப் போயிருந்தா அந்த ராத்திரி என்ன ஆகியிருக்கும்னு நான் யோசிச்சுப் பாத்தேன். அவங்க போட்ட கணக்குதான் சரி.

வர்றப்ப சாதா வகுப்புதான். நடைபாதை ஓர சீட்டா ரெண்டு முன்னாடியே கேட்டு வாங்கினோம். டாக்டர் குடுத்த இறுக்கமான காலுறை போட்டு, மணிக்கு ஒரு தடவை எழுந்து பின்னாடி வரைக்கும் நடந்தோம். விமான நிலையத்துல சக்கர நாற்காலி காசில்லாமத் தர்றாங்க, முன்னாலயே சொல்லி வைக்கணும், கேக்குறதுக்கு வெக்கப்பட வேண்டாம். அவ்வளவு செஞ்சும் காலு வீங்கத்தான் செஞ்சுச்சு. சொன்னபடியே நாலு நாள் திண்ணையில கெடந்தாங்க. அஞ்சாம் நாள் வரப்புல நடந்தாங்க.

பிள்ளைங்க வெளிநாட்டுல இருக்குற வீட்டுக்காரங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். "கணக்குல மைல் இருக்கா, எப்ப காலாவதி ஆகுது"ன்னு பிள்ளைங்ககிட்ட வாய் விட்டுக் கேளுங்க. அவங்களுக்கும் அது ஞாபகத்துல இருக்குறதில்லை. கொஞ்சமா இருந்தா நீளமான ஒரு தாவுக்கு மட்டும், போற வழிக்கு வைங்க. காலு இன்னும் நம்ம பேச்சைக் கேக்குறப்பவே செலவழிச்சுடுங்க.

ஆவணி மழை ஒண்ணு நேத்து நல்லா விழுந்திருக்கு. புழுதி உழவு ஓட்டணும். அடுத்த பதிவுல அதைப் பத்திப் பேசுவோம்.