சட்டன் ஏற்றமும் எங்கள் காரும்

யாழ்ப்பாணத்தில் வாகனம் ஓட்டிப் பழகிய எங்களுக்கு ஏற்றம் என்பது புதுச் சங்கதி. குடாநாடு முழுவதும் தட்டையான தரை. கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏறியவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

சட்டன் வேறு மாதிரி. நோர்த் டவுன்ஸ் என்னும் சுண்ணாம்பு மேட்டின் அடிவாரத்தில் இருக்கிறது இந்த ஊர். கடைவீதியில் கிறீன் பக்கமிருந்து புகையிரத நிலையத்துக்கு நடந்தாலே காலுக்குத் தெரியும். அதற்கும் மேலே பெல்மண்ட், பான்ஸ்டெட் டவுன்ஸ் என்று தெற்கே தரை உயர்ந்துகொண்டே போகும். 1755 இல் லண்டனிலிருந்து பிறைற்றனுக்குப் போகும் சுங்க வீதி இவ்வழியே வந்தபோது, குதிரை வண்டிகள் 'கொக்' என்னும் சத்திரத்தில் நின்று போயின. சத்திரம் இப்போது இல்லை. அதன் பெயர்ப் பலகைக் கம்பம் மட்டும் கடைவீதிச் சந்தியில் நிற்கிறது.

நாங்கள் நால்வர் கிராலிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு இரவு வேலைக்கு ஒரே காரில் போய்வருகிறோம். போகும்போது ஏ217 வீதியில் பெல்மண்ட் றைஸ் ஏற்றம், விடியத் திரும்பும்போது றைகேற் ஹில் ஏற்றம். சென்ற மாரியில் கார் இரண்டிலும் இளைக்கத் தொடங்கியது. நாற்பது மைல் வேகம் இருபதாக விழும், பின்னால் லொறிகள் ஹோர்ண் அடிக்கும். மேலே ஏறித் தட்டைக்கு வந்ததும் ஒன்றும் நடவாததுபோல ஓடும். இரண்டு நாள் வேலைக்குப் பிந்திப் போனோம். மூன்றாம் நாளும் பிந்தினால் வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

கராஜ் ஒன்றில் காட்டினோம். "எஞ்சின் முடிந்துவிட்டது, மாற்ற 900 பவுண்" என்றார்கள். நாங்கள் காரை வாங்கியதே 700 பவுணுக்கு.

எங்களோடு வேலை செய்யும் அண்ணை ஒருவர் ஊரில் கராஜில் தொழில் பழகியவர். 1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்கி யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் நின்றபோது, காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓடவைத்த காலத்துப் பிள்ளை. அவர் சொன்னார்: "தம்பி, ஏற்றம் காரைப் பழுதாக்காது. இருக்கிற பழுதைக் காட்டிக்கொடுக்கும். செலவு குறைந்ததிலிருந்து பார்த்துக்கொண்டு போவம்."

கணக்கும் போட்டுக் காட்டினார். ஆட்களோடு 1600 கிலோ எடையுள்ள கார், 20 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் 40 மைல் வேகத்தில் போக, தட்டையில் வேண்டியதற்கு மேலாகச் சுமார் 19 குதிரை வலு வேண்டும். தட்டையில் எஞ்சின் பாதி மூச்சில் ஓடும், ஆகவே குறை தெரியாது.

பிறகு அவர் கேட்ட கேள்விகளை வாசகர்களுக்காக எழுதுகிறோம்.

எஞ்சின் சுற்று ஏறியும் வேகம் ஏறவில்லையா? கிளச் வழுக்குகிறது. ஓடி நின்றதும் ஒரு சில்லில் மட்டும் வெக்கையும் மணமுமா? பிரேக் பிடித்தபடி இருக்கிறது. வெட்டி வெட்டி இழுக்கிறதா, ஈரக் காலத்தில் கூடவா? பிளக் அல்லது கொயில். டீசல் காரில் கரும்புகையும் விசில் சத்தமுமா? டர்போக் குழாயில் வெடிப்பு இருக்கலாம்.

எங்கள் கார் வெட்டவில்லை, புகைக்கவும் இல்லை. அரைவாசி மிதித்தால் மெல்ல ஏறும், முழுவதும் மிதித்தால் மூச்சடைக்கும். எயார் பில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தோம், சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் பெற்றோல் வருகிற வழியில் தடை, அல்லது புகை போகிற வழியில் அடைப்பு. இருபது பவுண் கோட் வாசிக்கும் கருவியைச் செருகினால் 'கலவையில் பெற்றோல் குறைவு' என்றது. அந்த எண் நோயின் குணத்தைச் சொல்லுமே தவிர, எந்தச் சாமானை மாற்று என்று சொல்லாது. ஆனாலும் பார்வை பெற்றோல் பக்கம் திரும்பியது.

எங்கள் காரில் பெற்றோல் பில்டர் அடியில், ராங்கிக்குப் பக்கத்தில் இருக்கிறது. புதிய கார்கள் பலவற்றில் அது ராங்கிக்குள்ளே பம்புடன் இருக்கும். அதை வீட்டில் தொடவேண்டாம். எஞ்சின் ஆறிய பின், குழாயின் அழுத்தத்தை இறக்கி, பற்றியைக் கழற்றி, ஜாக்கை மட்டும் நம்பாமல் தாங்கி வைத்து, வெளியில் காற்றோட்டத்தில் அண்ணை மாற்றினார். பீடி, சிகரெட் கிட்டவும் வரக்கூடாது. பழைய பில்டரைக் கவிழ்த்தபோது தேநீர்ச் சாயம்போலக் கறுத்த கழிவு வந்தது. புதியதன் விலை பத்துப் பவுணுக்கும் குறைவு. அடுத்த ஞாயிறு அதே நால்வரும் ஏறி, அதே ஏற்றத்தில் ஓடிப் பார்த்தோம். நாற்பது குறையவில்லை. றைகேற் ஹில்லும் அப்படியே. வேலையும் தப்பியது.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பள்ளிக்கூடம், கடை என்று கிட்டக் கிட்ட ஓடினால் புகைக் கரி பிடிக்கும் பில்டர் அடைத்து வலு குறையும். விளக்கு எரிந்ததும் கவனித்தால் பெருஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டமே பல தடவை போதும். அதைக் கழற்றி எறியச் சொல்பவர்களை நம்பவேண்டாம். 2014 பெப்ரவரியிலிருந்து அதைக் கழற்றிய கார் எம்.ஓ.ரி. பரீட்சையில் தேறாது.

கராஜுக்குப் போனால், "என்ன சோதித்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" என்று கேளுங்கள். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், கழற்றிய சாமானைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். மொழி வராவிட்டால் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். வேலையைக் கவனமாகவும் திறமையாகவும் செய்து தரவேண்டும் என்று 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் சொல்கிறது.

இனிப் பழைய கார் வாங்கப் போகிறவர்கள், விற்பவர் மிச்சம் பக்கத்துத் தட்டை வீதியில் ஓட்டிக் காட்டினால் அதோடு நிற்கவேண்டாம். காப்புறுதி உண்டா என்று பார்த்துக்கொண்டு, வீட்டார் நாலு பேரையும் ஏற்றி, பெல்மண்ட் றைஸ் ஒருமுறை ஏறிப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.