மகா ஓயா வழியே கண்டிக்கு: ஒரு பெற்றோல் மூடி சொல்லித் தந்த பாடம்



கிழக்கிலிருந்து கண்டிக்குப் போக வழிகள் பல உண்டு. கல்முனைப் பக்கத்தவர்களுக்கு நெருக்கமான வழி, அம்பாறை, உகணை, மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை என்று நீண்டு, மகாவலியைக் கடந்து, பதினெட்டு வளைவு ஏறிச் செல்லும் பாதையாகும். வயல், காடு, ஆறு, மலை நான்கையும் ஒரே நாளில் காட்டும் பாதை இது. பஸ்ஸில் போகிறவர்கள் பாதி வழியைத் தூக்கத்திலேயே கழித்து விடுவார்கள். பழைய மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கோ ஒரு மைல் கல்லும் தப்பாது.

எங்களுடையது ஹொண்டா சி.டி. 125. இரண்டு சிலிண்டர், ஒரே காபரேட்டர். 2022 ஆம் ஆண்டின் பெற்றோல் தட்டுப்பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கியூ.ஆர். முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்கு 4 லீற்றர்தான். அந்த நாட்களில் எத்தனையோ வண்டிகள் வெறும் தாங்கியுடன் திண்ணையில் நின்றன. வெறுமையான தாங்கியினுள் ஈரம் படிந்து துரு பிடிக்கும். காபரேட்டரில் எஞ்சிய பெற்றோல் ஆவியாகிப் பிசின் போல ஒட்டிக் கொள்ளும். தட்டுப்பாடு தீர்ந்த பின்னும் அதன் வினை தீரவில்லை.

மறு வருடம், 2023இல், மடவளையிலிருக்கும் மாமிக்குச் சுகமில்லை என்று இரவில் செய்தி வந்தது. சுபஹுத் தொழுத கையோடு நானும் மனைவியும் புறப்பட்டோம். அம்பாறை வரை ஒரு குறையுமில்லை. உகணையைத் தாண்டிக் காட்டுப் பகுதிக்குள் நுழைந்ததும் வண்டி இருமியது. வேகம் குறைந்து நின்றே விட்டது.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரு பக்கமும் பற்றைக் காடு. 'யானைகள் கடக்கும் இடம்' என்ற பலகை. வீதியின் நடுவே ஆவி அடங்காத யானை லத்தி. அதிகாலையிலும் அந்தியிலும் யானைகள் வீதி கடக்கும் பிரதேசம் அது. அங்கே நின்று போன வண்டியோடு ஒரு பெண்ணை வைத்துக் கொண்டு நிற்பதென்றால் எப்படியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்திற்கே விட்டு விடுகிறேன்.

சற்று நேரம் பொறுத்து உதைத்தேன், வண்டி கிளம்பியது. சில மைல் ஓடியதும் மறுபடி நின்றது. பெற்றோல் இருக்கிறதா என்று தாங்கியின் மூடியைத் திறந்தேன். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டது. பாதித் தாங்கிக்கு மேல் பெற்றோல் இருந்தது. உதைத்ததும் உடனே கிளம்பியது. மூன்றாம் முறையும் இதே கதைதான். அப்போதுதான் பின்னாலிருந்து மனைவி சொன்னாள்:

"மூடியத் தொறந்தாத்தானே இதுக்கு உசிர் வருகுது. டின்பாலுக்கு ஒத்த ஓட்டை போட்டா ஒழுகுமா? இதுக்கும் காத்துப் போற ஓட்டை அடைபட்டிருக்கும், பாருங்க."

சகோதரிகளே! இதை விடத் தெளிவாக எந்த மெக்கானிக்கும் சொல்லியிருக்க முடியாது. டின்பாலில் இரண்டு துளை போடுவது ஏன்? ஒன்றினால் பால் வெளியேற, மற்றதினால் காற்று உள்ளே போக வேண்டும். பெற்றோல் தாங்கியும் அப்படித்தான். பெற்றோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று வேண்டும். அதற்காக மூடியிலே ஒரு நுண்ணிய துளை உண்டு. அது தூசியாலும் துருவாலும் அடைபட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெற்றோல் இறங்க மறுக்கும். சற்று நேரம் நின்றால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், வண்டி கிளம்பும், மீண்டும் நிற்கும்.

முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றித் தந்தாள். துளையைக் குத்தி, வாயால் ஊதிப் பூட்டினேன். மகா ஓயாவின் வெந்நீர்க் கிணறுகளைப் பார்க்கவும் நிற்காமல், இடையிடையே மூடியை மட்டும் திறந்து பார்த்துக் கொண்டு, மகியங்கனை வந்து சேர்ந்தோம்.

அங்கே வீதியோரக் கராஜில் ஒரு வயதான பாஸ். சிங்களமும் கொச்சைத் தமிழும் கலந்து பேசுவார். கேட்டவுடன் ஸ்பானரைத் தூக்கவில்லை. முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பலமுறை உதைத்தும் பிளக் காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை; நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, பொறியில் குறை, அல்லது பெற்றோல் மிதமிஞ்சி வருகிறது என்றார்.

பிறகு காபரேட்டருக்குப் போகும் இறப்பர் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு டெப்பைத் திறந்தார். சீராக ஓடினால் தாங்கி வரை நலம். சொட்டுச் சொட்டாக வந்தால் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். அப்போது ஓடினால் குறை மூடியில். அப்போதும் ஓடாவிட்டால் டெப்பிலுள்ள வடிகட்டியில் துரு அடைத்திருக்கும். போத்தலை அசையாமல் வைத்தால் இன்னொன்றும் தெரியும். தண்ணீர் கலந்திருந்தால் அது பெற்றோலின் அடியில் முத்து முத்தாகத் தங்கும்.

காபரேட்டருக்கும் அடையாளங்கள் உண்டு. சோக்கை இழுத்தால் மட்டும் ஓடி, மெதுவாக நிற்கும்போது அணைந்து போனால் சிறிய ஜெட் அடைபட்டிருக்கலாம். நின்ற இடத்தில் நன்றாக ஓடி, முழு வேகம் கொடுக்கும்போது திணறினால் பெரிய ஜெட்டைப் பார்க்க வேண்டும். அவர் எங்கள் மூடியைக் கழுவிக் காற்றடித்து, வடிகட்டியைத் துப்புரவாக்கி, வெடித்துப் போயிருந்த பழைய குழாயையும் மாற்றித் தந்தார்.

மகாவலிப் பாலம் கடந்து ஹசலக்கை வந்தால் மலை எதிரே சுவர் போல எழுந்து நிற்கும். பதினெட்டு வளைவுகளையும் இருவரைச் சுமந்து கொண்டு அந்தப் பழைய வண்டி மூச்சு வாங்காமல் ஏறியது. மேலே நின்று திரும்பிப் பார்த்தால், நாம் விட்டு வந்த சமவெளி முழுவதும் வயலும் வாய்க்காலுமாய் விரிந்து கிடக்கும். உடுதும்பறை, ஹுன்னஸ்கிரிய தாண்டித் தெல்தெனியவை அடைந்தால் விக்டோரியா நீர்த்தேக்கம். பழைய தெல்தெனிய நகரம் அந்த நீரின் அடியில்தான் இருக்கிறது. லுஹருக்குப் பின் மடவளை போய்ச் சேர்ந்தோம். மகளின் குரல் கேட்டு மாமி எழுந்து உட்கார்ந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே! இதெல்லாம் ஆண்கள் பார்க்கும் வேலை என்று ஒதுங்கி விடாதீர்கள். அந்த வண்டியின் பின்னால் இருப்பவர் நீங்கள். முன்னால் தாங்கியின் மேல் இருப்பது உங்கள் பிள்ளை. வண்டி நிற்கும் இடத்தில் பெற்றோல் மணம் வீசுகிறதா, நிலத்தில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். காபரேட்டரின் மிதவை ஊசி தேய்ந்தால் இரவு முழுவதும் பெற்றோல் சொட்டும். அதன் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவி அடுப்பங்கரை வரை வரும். ஒரு தீக்குச்சி போதும். ஆகவே இரவில் டெப்பை மூடச் சொல்லுங்கள். மணம் வந்தால் நெருப்பு மூட்டாமல், மின்சார சுவிட்சையும் தொடாமல், கதவு யன்னல்களைத் திறந்து விடுங்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் கானில் சேர்த்த பெற்றோல் இன்னும் அறை மூலையில் இருந்தால் இன்றே வீட்டை விட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

தூரப் பயணம் போகுமுன் கணவரிடமோ மகனிடமோ இரண்டு கேள்வி கேளுங்கள்: "மூடியின் துளை திறந்திருக்கிறதா? குழாய் வெடித்திருக்கிறதா?" பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். காட்டு வழியில் காத்து நிற்கும் நேரத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.