டிரில் துணி

டிரில் என்றதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மைதானமும் ஊதலுந்தான் ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது அதுவல்ல. வெயிலில் அந்த டிரில்லுக்காக நாங்கள் அணிந்து நின்ற காக்கி நிஜாரின் துணியைப் பற்றி. இரண்டுக்கும் ஒலியைத் தவிர வேறு உறவு கிடையாது. துணியின் பெயர், மூன்றிழை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஜெர்மானிய பாஷை வழியாக வந்தது.

அந்த இழைக் கணக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. சாதாரண வேஷ்டியில் பாவு நூல் ஓர் ஊடைக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாக மாறி மாறிப் போகும். டிரில்லிலோ, இரண்டு மூன்று ஊடைகளைத் தாண்டிய பிறகே ஒன்றன் கீழ் நுழைகிறது. பக்கத்துப் பாவு ஒரு படி தள்ளி நுழைகிறது. அந்தப் படிகளே துணியின்மேல் சாய்வு வரிகளாகத் தெரிகின்றன. பின்னல் குறைவதால் நூலை நெருக்கி அடிக்க முடிகிறது. ஆகவே துணி கனக்கும். ஆயினும் உடம்போடு மடங்கும். அம்மா மண்டபத்துப் படித்துறையில் சறுக்கி விளையாடிய எங்களுக்கு இதைவிடச் சிறந்த அத்தாட்சி வேண்டியதில்லை.

காக்கி என்றால் புழுதி நிறம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெஷாவர்ப் பக்கத்துப் படையொன்றில் தொடங்கிய அந்த நிறத்தைச் சிப்பாய்களுக்கென்று ஏராளமாக நெய்து கொடுத்தது சென்னையின் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை. அவ்வாலைத் தொழிலாளர்களை வைத்தே 1918-இல் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது. 1996-இல் ஆலை மூடப்பட்டது.

என் பாட்டனாருக்குக் காக்கி ஆகாது. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜியின் தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகிகள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டதைச் சிறுவனாகத் தெருவோரம் நின்று பார்த்தவர் அவர். வழியில் அவர்களுக்குச் சோறு போடுவதே குற்றம் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். கதர் கட்டியவர்களை அடித்தவர்கள் காக்கி உடுத்தவர்கள். பாட்டனாருக்கு அவ்வளவு போதும்.

என் தகப்பனாருக்கோ பொன்மலை ரயில்வே பணிமனையில் உத்தியோகம். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டிச் சைக்கிளில் போவார். கொதிக்கும் எண்ணெயும் இரும்புத் தூளும் தெறிக்கும் இடத்தில் மல்வேஷ்டி செல்லுமா? மாலையில் திரும்பியதும் கொல்லையிலேயே காக்கியைக் களைந்து, கொடியில் போட்டுவிட்டுத்தான் கூடத்துக்கு வருவார். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. என் மனம் என்னவோ தகப்பனார் பக்கந்தான். வீட்டில் உலை கொதித்தது அந்தக் காக்கியினால்.

இப்போது காக்கியென்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலப்பு. சீக்கிரம் உலரும், மடிப்பும் கலையாது. ஆனால் திருச்சி வெயிலில் வியர்வையை உறிஞ்சாது. பிள்ளைகளுக்கு வாங்குவோர் பருத்திதானா என்று கேட்டு வாங்குவது நலம்.

தகப்பனாரின் கால்சட்டை முழங்காலில் நைந்ததும் என் தாயார் அதை வெட்டிக் கைப்பை தைத்தாள். காந்தி மார்க்கெட்டிலிருந்து சேனைக்கிழங்கும் தேங்காயுமாக அதில் சுமந்து வந்தவர் பாட்டனார். என்ன துணி என்று அவர் கேட்கவில்லை. "பை நன்றாகக் கனம் தாங்குகிறது" என்று மட்டும் சொன்னார்.