இடிக்காமல் விட்ட வாசல்

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து காரியாபட்டிச் சாலையில் போகிறவர்களுக்கு மதுரை தெற்குவாசலில்தான் தொடங்குகிறது. அவனியாபுரம், வில்லாபுரம் தாண்டியதும் "தெற்குவாசல் எல்லாம் எறங்கு" என்று டவுன் பஸ் நடத்துநர் குரல் கொடுப்பார். இறங்கிப் பார்த்தால் வாசலும் இல்லை, மதிலும் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. கீழவாசலும் மேலவாசலும் அப்படித்தான்.

16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பாண்டியர்களின் பழைய கோட்டையை இடித்துவிட்டு, ஊரை அகலப்படுத்திப் புதிய கோட்டை எழுப்பினார். சுற்றிலும் அகழி, 72 கொத்தளங்கள். கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல். நம் கரிசல் சீமையின் எட்டயபுரமும் அந்தப் பாளையங்களில் ஒன்று.

அந்த மதில் லேசுப்பட்டதல்ல. 1764 ஜூனில் ஆங்கிலேயக் கும்பினிப் படை பீரங்கியோடு மோதியும் உள்ளே நுழைய முடியவில்லை. முற்றுகையில் உணவு வரும் வழியை அடைத்து, கூட இருந்தவர்களே காட்டிக்கொடுத்த பிறகுதான் கோட்டையைக் காத்து நின்ற யூசுப்கான் பிடிபட்டார். அந்த ஆண்டு அக்டோபர் 15 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

பீரங்கியால் ஆகாததை வீட்டுமனை ஆசை செய்து முடித்தது. ஊர் நெரிசல்படுகிறது, தேங்கிய அகழி நோயைப் பரப்புகிறது என்று 1834 முதல் 1847 வரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் மதிலை இடிக்க முடிவெடுத்தார். இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடமே சொந்தம் என்றதும் கடப்பாரைகள் கிளம்பின. வேலையை நடத்திய மாரட், பெருமாள் மேஸ்திரி இருவரின் பெயரில் இன்றும் வீதிகள் இருக்கின்றன. பிளாக்பர்ன் நினைவாக எழுந்ததுதான் விளக்குத்தூண்.

ஆனால் நாயக்கர் கோட்டைக்கும் மூத்த வாசல் ஒன்று பிழைத்துக் கிடக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே, அம்மன் சன்னதித் தெருவழியாக நடந்தால் வரும் விட்டவாசல். பாண்டியர் கோட்டையை இடித்தபோது இதை மட்டும் விட்டுவைத்தார்கள். அதனாலேயே இந்தப் பெயர்.

கல்தூண்கள் தாங்கும் கல் கூரை. உள்ளே நுழைந்தால் வெயில் சட்டென்று அறுந்து, காலடியில் குளிர்ச்சி தட்டும். ஆள் உயரம் வரை தூண்கள் வழவழவென்று இருக்கின்றன. அதற்கு மேலே உளியின் சொரசொரப்பு. எத்தனை தலைமுறையின் தோளும் மூட்டையும் உரசிய வழவழப்பு அது! காவல் தெய்வத்துக்கு இன்றும் இங்கே வழிபாடு உண்டு. கல்யாணச் சாமான் வாங்க வந்தவர்கள், கட்டைப்பையோடு இதன் வழியே நடக்கிறார்கள்.

பெரியார் பேருந்து நிலையத்தருகே நாயக்கர் கோட்டைக் கொத்தளம் ஒன்றும் மிச்சமிருக்கிறது. அதன் வழியே யாரும் போவதில்லை. ஏறிட்டுப் பார்ப்பதும் இல்லை. விட்டவாசலைக் காத்தது நடமாட்டம். கொத்தளத்தை நம் அக்கறைதான் காக்க வேண்டும்.

அடுத்த முறை பிள்ளைகளோடு மதுரைக்குப் போனால், தெற்குவாசலில் இறங்கும்போதே மதில் நின்ற கதையைச் சொல்லுங்கள். பிறகு விட்டவாசலுக்குக் கூட்டிப்போய் அந்தத் தூணைத் தொடச் சொல்லுங்கள். சொன்ன கதை அவர்கள் கைக்குத் தட்டுப்படும்.