நூலக வாசலில் நின்ற எங்கள் பிள்ளைகள்

தாத்தா இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த நாட்களைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் யாரோடும் பழகவில்லை. பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். 1930இல் அண்ணல் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தவரின் பள்ளிக்காலம் இது.

அதே ஊரில்தான் நாங்கள் கல்லூரி மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். வருகிறவர்களில் பாதிப்பேர் தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள். அருந்ததியர்களுக்கு 2009இல் வந்த 3 சதவீத உள் ஒதுக்கீடு அவர்களில் பலருக்குக் கல்லூரியில் இடம் வாங்கித் தந்தது. ஆனால் நூலகத்தில் ஒரு நாற்காலி கிடைத்ததா என்று நாங்கள் கேட்கவே இல்லை.

நாங்கள் செய்த முதல் தவறு அது. புத்தகங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம், உதவிவிட்டதாக நினைத்தோம். எம்.ஏ. கடைசி செமஸ்டரில் ஹால் டிக்கெட்டுக்கு 'நோ டியூஸ்' கேட்டபோதுதான் ஒரு தங்கை அழுதுகொண்டே சொன்னாள்: "முதல் வருஷம் எடுத்த புக்கு மழையில நனைஞ்சு போச்சுக்கா. ஃபைன் கேப்பாங்கன்னு அப்புறம் அந்தப் பக்கமே போகல." ஒழுகுகிற ஒற்றை அறை வீடு அவளுடையது. ஒரு புத்தகத்தின் விலைக்காக இரண்டு வருடம் நூலகத்தையே இழந்திருக்கிறாள். வாரம் மூன்று நாள் அவளைப் பார்த்த எங்களுக்கு அது தெரியவில்லை.

நூலகரிடம் போனோம். "எல்லாமே இருக்குதுங்க, பசங்கதான் வர்றதில்லைங்க" என்றார். பொய் சொல்லவில்லை. என்-லிஸ்ட் வழியாக மின்னிதழ்கள், சோத்கங்காவில் ஆய்வேடுகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. மாணவர்களைத்தான் தெரியாது. பேராசிரியருக்கு ஆய்வுத் தலைப்பு தெரியும், மாணவர் எங்கே தேடுகிறார் என்று தெரியாது. விடுதிக் காப்பாளருக்கு கேட் பூட்டும் நேரம் தெரியும், நூலகம் எப்போது மூடும் என்று தெரியாது. எங்களுக்கு வீடு தெரியும், நூலகம் தெரியாது. நான்கு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க ஒரு மாதம் பிடித்தது.

முதலில் 'எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குச் சிறப்பு வகுப்பு' என்று நூலக வாசலில் நோட்டீஸ் ஒட்டினோம். ஒருவர்கூட வரவில்லை. தாத்தாவின் பயம் இன்னும் போகவில்லை என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நோட்டீஸைக் கிழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினோம். செமஸ்டரின் முதல் வாரம் ஒவ்வொரு துறையும் தன் வகுப்பு முழுவதையும் நூலகத்துக்கு அழைத்து வரும். தேடுவதைத் தமிழில் சொல்லித்தருவார்கள். மூத்த மாணவர்கள் பக்கத்தில் உட்காருவார்கள். வாரம் இரண்டு நாள் நூலகம் இரவு எட்டு வரை இருக்கும், அன்று விடுதி கேட்டும் காத்திருக்கும். அபராதத்தை மற்றவர்கள் முன்னால் கேட்கக்கூடாது. உதவித்தொகை வந்த பிறகு கட்டலாம். நம் பிள்ளைகள் வருகிறார்களா என்று எஸ்.சி., எஸ்.டி. பிரிவு சத்தமில்லாமல் கவனிக்கும்.

இதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். நல்ல மனசுள்ள நூலகர் மாற்றலாகிப் போனால் அந்த மனசும் கூடவே போய்விடும், காகிதம் இருக்கும். சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் வேண்டும் என்று 2012லேயே யுஜிசி விதி போட்டது. நாம் சலுகை கேட்கவில்லை.

தோழர்களே, உங்கள் நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். நம் பிள்ளைகளில் யார் உள்ளே வரவில்லை என்று கேளுங்கள். வராதவரைக் குறை சொல்வதற்கு முன், அவர் வீட்டில் மழை ஒழுகுகிறதா என்றும் கேளுங்கள்.

ஜெய் பீம்.